கையேட்டு அட்டையில் சிரித்தவள்

எங்கள் மாடியில் குடியிருந்தவளைத் தெருவே 'பட்டதாரி' என்றுதான் கூப்பிட்டது. மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் விரிப்பு மடிப்பது அவள் வேலை. நாளைக்கு முந்நூறு விரிப்பு. ஒன்றில்கூட மூலை பிசகாது. பட்டதாரி என்று பெயர் வைத்த புண்ணியம் என்னுடையது.

காரணம் ஒரு படம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் கையேட்டின் அட்டையில், மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தோடு சிரிப்பவள் அவள்தான். அப்போது பத்தொன்பது வயது. அவள் அங்கே படிக்கவில்லை. அலுவலகத்தில் அதே கையேட்டைக் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். படம் எடுக்க வந்த மனிதர் விடுமுறை நாளாகப் பார்த்து வந்து தொலைத்தார். மாணவர் என்று ஓர் ஈ காக்கை இல்லை. "நீ வந்து உட்காரும்மா" என்றார். மடியில் இருந்தது, வெள்ளைத்தாள் சுற்றிய டெலிபோன் டைரக்டரி.

அந்தச் சிரிப்பைப் பார்த்தே அங்கே சேர்ந்த பிள்ளைகள் உண்டு. என்ன பாடம், யார் ஆசிரியர் என்றெல்லாம் யார் பார்த்தார்கள்? நாமும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து சிரிப்போம் என்ற நினைப்புதான்.

அவள் கணவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, ஆறு வயது மகள் பெட்டியைக் கிளறிக் கையேட்டை எடுத்துவந்தாள்.

"அம்மா, நீ இங்கயா படிச்ச?"

"ம்" என்றாள் தாய். அந்த ஒரு 'ம்' மட்டும்தான் அவள் சொன்ன பொய். உண்மை தெரிந்த நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பொய்க்குக் கண், காது, மூக்கு வைத்தேன்.

"படிச்சாளாவா? உங்கம்மா பதில் சொன்ன வேகத்துல வாத்தியார் சாக்பீஸை முழுங்கிட்டார்டி! ரெண்டு நாள் வெள்ளை வெள்ளையா ஏப்பம் விட்டார்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு கதை.

பன்னிரண்டு வருஷம் ஓடியது. மகளுக்கு இரண்டு இடத்திலிருந்து கடிதம் வந்தது. ஓர் இரவும் பாதிப் பகலும் ரயிலில் போக வேண்டிய ஊரில் கடலியல். சின்ன வயதிலிருந்து அவள் உயிரை விட்ட பாடம். உள்ளூரில், அதே கையேட்டுப் பல்கலைக்கழகத்தில், வணிகவியல். அவள் உள்ளூரைப் பிடித்துக்கொண்டாள்.

"கணக்கு வழக்கு உனக்குப் பிடிக்குமாடி?" என்று கேட்டேன்.

"பிடிக்க வெச்சுக்கறேன் பாட்டி. அம்மா உட்கார்ந்த இடத்துல நானும் உட்காரணும்."

வியாழக்கிழமை சாயங்காலம் தாய் கீழே இறங்கி வந்தாள்.

"அந்த ஊருக்குப் பதில் போட நாளைக்குத்தான் கடைசி நாள். சொல்லிடட்டுமா பெரியம்மா?"

"சொல்லு."

"சொன்னா போயிடுவா."

"போகட்டுமே!"

"போறதுக்கு நான் பயப்படல. என்னை எப்படிப் பார்த்துட்டுப் போவாளோ..."

பதினான்கு படி ஏறி நானே மகளிடம் சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி என்று எனக்கு நானே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது.

திங்கட்கிழமை மூவரும் பல்கலைக்கழகம் போனோம். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம்: பெற்றோர் இங்கு பயின்றிருந்தால், ஆண்டு.

"எந்த வருஷம்மா?" பேனாவோடு கேட்டாள் மகள்.

தாய் வாயைத் திறப்பதற்குள், கவுன்டரில் இருந்த வயதானவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அடடே! நம்ம கவர் ஒட்டற பொண்ணு இல்ல நீ? அட்டைப்படத்துப் பொண்ணு! உன் மகளா? படிக்க வந்திருக்காளா? ரொம்பச் சந்தோஷம்மா!"

மனிதருக்கு நிஜமாகவே சந்தோஷம். அதுதான் தாங்க முடியவில்லை.

மகள் தலை நிமிரவில்லை. அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"அடுத்து என்ன எழுதணும் சார்?"

மரம் இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர்கள் நின்றன. மகள் அங்கே சற்று நின்றுவிட்டு வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் தாய் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்து, கட்டண ரசீதை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள், மூலை பிசகாமல். மகள் என் பக்கத்தில்.

"பாட்டி, அந்த சாக்பீஸ் கதை?"

"பொய்டி."

"அது எனக்கு ஆறு வயசுலயே தெரியும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மத்தது நிஜம்னு நெனச்சேன்."