பாறை எந்த ஊரில் இருக்கிறது?

சவாயீ தீவின் மேற்குக் கரையில் மரப்பலகை பஸ் ஓட்டுகிறவர் லவுபாமா. காலையில் பள்ளிப் பிள்ளைகள் மடிமேல் மடியாக உட்கார்ந்து வருவார்கள். பாட்டு அலறிக்கொண்டே இருக்கும். ஒரு மழையில் பாட்டுப் பெட்டி நனைந்து ஊமையாகிவிட, பிள்ளைகளின் கூச்சல் தாங்கமுடியவில்லை. வேறு வழியின்றி, தன் அப்பா சொன்ன கதையை எடுத்துவிட்டார். காணாமல்போன அண்ணனைத் தேடிக் கடலில் இறங்கி, பாறையாகிப்போன பெண்ணின் கதை. அண்ணன் கடலிலேயே செத்துப்போனான், பாறை தன் ஊர்க் கரையில்தான் இருக்கிறது என்று முடித்துவைப்பார் அப்பா.

"நான் நிறுத்துற இடத்துல எல்லாரும் 'அவே'ன்னு சொல்லணும். சொல்லலைன்னா தூங்கிட்டீங்கன்னு அர்த்தம்."

நடுவில் வரும் பாட்டையும் பாடினார். பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "மாமா, உங்க பாட்டைக் கேட்டுத்தான் அவ பாறையாயிட்டா!"

பஸ்ஸே சிரித்தது. மோலாங்கி என்ற சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பாறை உங்க ஊர்ல இல்ல, எங்க ஊர்ல இருக்கு. அண்ணனும் சாகல, திரும்பி வந்துட்டான். எங்கப்பா சொல்லியிருக்காரு."

"உங்கப்பா கதை கேக்குறப்பவே தூங்கியிருப்பாரு" என்றார் லவுபாமா.

மறுநாள் காலை அவள் அப்பா தொலுஃபாலே, தோட்டத்துக்குக் கொண்டுபோகும் வெட்டுக்கத்தியோடு சாலையில் நின்றார். பிள்ளைகள் கத்தியையே பார்த்தார்கள். ஏறியவர் கத்தியைச் சீட்டுக்கடியில் தள்ளினார்.

"நான் தூங்குனேனா? வண்டிய எடுப்பா, சொல்றேன்."

சொன்னார். தங்கையின் புலம்பலை அவர் பாடியபோது 'அவே' சொல்லப் பிள்ளைகளுக்கே மறந்துவிட்டது. அந்த அடிகளை லவுபாமா கேட்டதே இல்லை. பொறாமையாக இருந்தது. பாட்டு முடியட்டும் என்று வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே போனார். தாமதத்துக்காகத் தலைமையாசிரியையிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

மாலையில் தொலுஃபாலே வீட்டுமுன் வண்டியை நிறுத்தினார். "அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுப்பா."

"பாறை எங்க ஊர்லன்னு ஒத்துக்கிறியா?"

"அது மட்டும் நடக்காது."

ஆனாலும் தொலுஃபாலே பாடினார்.

இப்போது பாட்டுப் பெட்டி சரியாகிவிட்டது. பிள்ளைகள்தான் அதைப் போடவிடுவதில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த குட்டிகளுக்கு மோலாங்கி கதை சொன்னாள். அவள் கதையில் பாறை இரண்டு ஊருக்கும் நடுக்கடலில் இருந்தது. அண்ணன் திரும்பி வந்தான், ஆனால் தங்கை பாறையான பிறகு.

"நம்ம ரெண்டு பேரையும் மதிக்கல பாத்தியா?" என்றார் அன்று பஸ்ஸில் வந்த தொலுஃபாலே.

"புலம்பலை ஒழுங்காப் பாடுறா. பேசாம கேளு" என்றார் லவுபாமா.