சம்மனசு மணி

எங்கள் ஊர் மாதா கோயில் மணிக்கு ஒரு கரகரப்பு உண்டு. அடித்து ஓய்ந்த பிறகும் அந்தக் கரகரப்பு முந்திரித் தோப்புகளுக்குள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாற்பதுகளில், வரதராசன்பேட்டைப் பக்கத்து எங்கள் சிற்றூரில் சாமியாரைத் தவிர யாரிடமும் கடிகாரம் இல்லாததால், மணி அடிப்பதுதான் எங்களுக்கு நேரம். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதில் எனக்கு வியப்பே இருந்ததில்லை. ஆனால் அம்மா செபமாலையில் உருட்டியதும் மணி, அப்பா கம்மங்கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்ததும் மணி, சந்தையில் நான் அழுது வாங்கிய நீலப் பாசியும் மணி. இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிய நம் முன்னோர்கள் சரியான கஞ்சர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு எட்டு வயதில் தம்பி பிறந்தான். அருள்மணி என்று ஞானஸ்நானம் பெற்று, வீட்டுக்கு வருவதற்குள் வெறும் 'மணி' ஆகிவிட்டான். அதன்பின் யார் எதற்காக அந்தச் சொல்லைச் சொன்னாலும் நாங்கள் முதலில் திரும்பிப் பார்த்தது தூளியைத்தான். தவழத் தொடங்கிய நாட்களில் காய்ச்சல் வந்து, போய்விட்டான்.

பெரியவர்கள் இறந்தால் எங்கள் கோயிலில் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அடிப்பார்கள். அது 'துக்க மணி'. ஞானஸ்நானம் பெற்ற பச்சைப்பிள்ளை இறந்தாலோ, பாவம் அறியாமல் நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசு, அதாவது தேவதூதன், ஆகிறது என்று, திருவிழாவுக்கு அடிப்பதுபோலக் கலகலவென்று அடிப்பார்கள். அது 'சம்மனசு மணி'. அந்த வீட்டில் ஒப்பாரி கூடாது.

தம்பிக்கு அப்படி அடிக்கத் தொடங்கியதும் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோயில்பிள்ளைகிட்ட போய்ச் சொல்லுங்க. எம் புள்ளைக்கு மெதுவா அடிக்கச் சொல்லுங்க. நான் அழுவணும்."

அப்பா போனார். மணி அடிக்கும் கோயில்பிள்ளைக்குப் பதில் சாமியாரே வெளியே வந்து, இது சந்தோஷப்பட வேண்டிய காரியம், வழக்கத்தை மாற்றக் கூடாது என்று அன்பாகத்தான் சொன்னாராம். அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். வந்திருந்த பெண்கள் ஆளாளுக்கு 'சம்மனசா போயிட்டான், அழுவாத' என்று சொல்லச் சொல்ல, அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தக் கலகலப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்புறம் அம்மா அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள். நேரம் கேட்க 'பொழுது என்னாச்சு' என்பாள். கதிரில் இருப்பதைத் 'தவசம்' என்பாள். என் பாசியை 'கழுத்துல கெடக்கறது' என்பாள். செபமாலை சொல்லும்போது மட்டும் அவள் விரல் ஒவ்வொன்றிலும் வெகுநேரம் நின்றது. நாங்களும் அவள் எதிரில் அந்தச் சொல்லை எடுக்காமல் பழகிக்கொண்டோம்.

பல வருடம் கழித்து, இனிமேல் முடியாது என்று அரியலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என்னை அருகில் கூப்பிட்டு, தனக்கு மெதுவாகத்தானே அடிப்பார்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அதுல பாதி மணிக்கு," என்றாள்.

அத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டது அன்றுதான்.

இப்போது கோபுரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதிவு செய்த ஒரே ஓசைதான். சம்மனசு மணி என்று ஒன்று இருந்ததே ஊரில் பலருக்குத் தெரியாது. அது நின்றுபோனதில் எனக்கு வருத்தமில்லை. அன்று ஒரு வீட்டுக்காக நின்றிருக்கலாமே என்பதுதான் வருத்தம். பேரன் பேத்திகள் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் 'மணி என்ன, மணி என்ன' என்று கத்துகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத் தூளி இருந்த பக்கம் திரும்பிப் பார்க்க, இந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான்.