பின் சீட்டுக் கதவு

நம்ம கேம்பர் இன்னைக்கு ஒருவழியா முடிஞ்சுது. கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போய், காட்டோரமா நிறுத்தி ரெண்டு பேர் படுக்கலாம். ப்ளைவுட் அறுத்தது, வளைச்சது எல்லாம் நான். கதவு மட்டும் ஓசூர் பழைய இரும்புக் கடையில வாங்கினது. ஏதோ ஒரு காரோட பின் சீட்டுக் கதவு.

மத்தியானம் உள்ள படுத்துப் பார்த்துட்டு எந்திரிச்சா, கதவு திறக்கல. கண்ணாடியை இறக்கலாம்னா இன்னும் பேட்டரி வைக்கல. வேர்த்துக் கொட்டுது. வீட்டுக்குள்ள இருந்த மனைவி மஞ்சுவுக்குப் போன் போட்டேன்.

அவ வந்து வெளியில இருந்து இழுத்ததும் திறந்துடுச்சு.

"சைல்டு லாக் போட்டிருக்குங்க, உள்ள இருந்து திறக்காது"ன்னா.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துட்டு நின்னோம்.

இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பாய், அந்தக் கதவு எந்த வண்டிது?"

"ஏன் சார், லாக் வேலை செய்யலையா?"

"நல்லா செய்யுது பாய். அதான் கேக்குறேன்."

"ஹைவேல அடிபட்டு வந்த வண்டி சார். முன்பக்கமே இல்ல. யாரு என்னன்னு நாங்க கேக்கறதில்ல."

கதவு ஓரத்துல ஒரு சின்ன லிவர். விரலால தள்ளினா லாக் போயிடும். கையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்துட்டேன். புள்ளை விழுந்துடக் கூடாதுன்னு யாரோ போட்டு வெச்சது. அப்படியே இருக்கட்டும்.

ஜவளகிரி காட்டு ட்ரிப்புக்கு வர்றேன்னு க்ரூப்ல சொன்னவங்க எல்லாம் எங்க? மஞ்சு வரலையாம். உள்ள நான் படுத்துக்கறேன். விடிஞ்சதும் வெளியில இருந்து கதவைத் திறக்க ஒரு ஆள் வேணும்.