பதினாறு சிப்

ராஹிலாவைக் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். கொடுத்ததைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்வாள், அவ்வளவுதான். அந்த அவ்வளவில்தான் ஐந்து வருடமாக அவள் வீட்டில் உலை கொதித்தது. கப்பல் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் தூத்துக்குடி அலுவலகம் ஒன்று தாள்களை இணையத்தில் அனுப்பும். காயல்பட்டினத்தில் தன் வீட்டில் உட்கார்ந்து எத்தனை பெட்டி, என்ன எடை, எந்தத் துறைமுகம் என்று அவள் ஏற்றுவாள். அவளூரில் வீடு பெண்ணுக்குத்தான். அவளைக் கட்டியவன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்ந்தான், வளைகுடா போனான், பிறகு வரவில்லை. வீடு நின்றது. அதற்குள் எதைத் தின்பது என்பதற்கு ஊர் வழக்கத்தில் பதில் இல்லை.

பிப்ரவரி கடைசியில் அலுவலகம் மென்பொருளை மாற்றியது. எட்டு ஜிபி ரேம் இல்லாத கணினியில் அது ஓடாது. மார்ச் இருபது, திங்கட்கிழமை எல்லோருடைய கணினியையும் சோதிப்போம். ஓடாதவர் பெயர் வேலைப் பட்டியலில் இருக்காது என்று மேற்பார்வையாளர் கிருபாநிதி தகவல் அனுப்பினார். பதிவு செய்த கணினியைத்தான் சோதிப்பார்கள். இரவல் வாங்கிச் சமாளிக்க முடியாது.

அவளுடையது பன்னிரண்டு வருடப் பழசு. இருந்தது இரண்டு ஜிபி. கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போனாள். கணினி பழுது பார்க்கும் வேல்ராஜ் அதைத் திறந்து, மதர்போர்டின் பெயரைப் படித்து, அதைச் செய்த கம்பெனியின் பட்டியலில் வெகுநேரம் தேடினான்.

"நாலு ஜிபி ரெண்டு போடணும்க்கா, டிடிஆர் மூணு. ஆனா இந்த போர்டு பழைய மாதிரி ரேமைத்தான் எடுக்கும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கமும் எட்டெட்டு, பதினாறு கறுப்புச் சிப் இருக்கணும். புதுசுல ஒரு பக்கம் மட்டுந்தான் இருக்கும். அது உள்ள ஏறும், ஆனா ஓடாது. எண்ணிப் பாத்து வாங்குங்க."

அவனிடம் அந்த மாதிரி இல்லை. சென்னையில் சொல்லி வரவழைக்கலாம் என்றான். யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்தாள். அன்று மாலையே ஷார்ஜாவிலிருந்து பெரியம்மா மகன், அவள் காக்கா என்று அழைக்கும் அண்ணன் பீர் முகம்மது கூப்பிட்டார். விஷயம் கேட்டதும், தானே வாங்கி, நோன்புக்கு ஊர் வருகிறவர் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மறுத்தால் வருத்தப்படுவார். டிடிஆர் மூணு, நாலு ஜிபி, இரண்டு, மேசைக் கணினிக்கு என்று சொன்னாள். பதினாறு என்பது நாக்கு வரை வந்தது. தன் காசில் வாங்கி அனுப்புகிறவரிடம் எத்தனை நிபந்தனை போடுவது? போன வருடம் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அத்தர் குப்பியின் நிறம் வரை கேட்டு அனுப்பியதைத் தெருவே சொல்லிச் சிரித்தது. ராஹிலா அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பொட்டலம் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவருக்கு அது அமானிதம், நம்பிக் கொடுத்த பொருள். ஒட்டிய தாள் சுருங்காமல் ஒப்படைத்துப் போனார். பிரித்தாள். இரண்டு ரேமும் பளபளவென்று புதிது. ஒரு பக்கம் எட்டுச் சிப். திருப்பினால் மறுபக்கம் வெறும் பச்சைத் தகடு.

இருந்தும் மாட்டினாள். நீளம் சரி, பள்ளம் சரி, இரு ஓரக் கொக்கிகளும் சரியாகக் கவ்வின. பொத்தானை அழுத்தியதும் நீளமான பீப் சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. திரை கறுப்பாகவே கிடந்தது. பொருந்துகிறதா என்று மனிதர்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறோம். போர்டுக்குக் கண் இல்லை. அதற்கு எண்ணத் தெரிந்த விதம் ஒன்றுதான். நம் அவசரத்துக்காக அது இன்னொரு விதம் கற்றுக்கொள்ளாது.

சனிக்கிழமை மறுபடி பெட்டியோடு பஸ் ஏறினாள். வேல்ராஜ் ரேமைத் திருப்பிப் பார்த்தான்.

"எண்ணச் சொன்னேம்லாக்கா."

"எண்ணுனேன்."

"எப்போ?"

"வந்த பொறவு."

அவன் ஊரில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் செய்து பழைய மாதிரியில் ஒன்றைப் பிடித்தான். அதோடு அவளுடைய பழையதையும் சேர்த்தால் ஆறு ஜிபி. இன்னொன்று சென்னையிலிருந்து புதன்கிழமைதான் வரும் என்றார்கள்.

கடை வாசலில் நின்றே கிருபாநிதியிடம் இரண்டு நாள் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. மேலிடத்துத் தேதி என்றார். "ஒங்க ஒருத்திக்காக நான் எப்படிம்மா மாத்த?"

திங்கள் காலை பதினோரு மணிக்குச் சோதனை தொடங்கியது. ஆறு ஜிபியில் புதிய மென்பொருள் பாதி வரை திறந்து, நினைவகம் போதவில்லை என்று காட்டி நின்றது. மதியத்துக்கு மேல் அவளுடைய கடவுச்சொல்லை அலுவலகத்தின் தளம் ஏற்கவில்லை. எழுத்துப்பிழையோ என்று நான்கு முறை அடித்துப் பார்த்தாள்.

அஸர் தொழுது எழுந்தபோது பீர் முகம்மது கூப்பிட்டார்.

"என்னம்மா, ரேம் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது காக்கா."

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கடைக்காரன் முதலில் வேறொன்றைத்தான் எடுத்துக் கொடுத்தானாம், இரண்டு பக்கமும் சிப் ஒட்டிய பழைய சரக்கு.

"என் தங்கச்சிக்குப் பழசையா குடுக்கிறேன்னு சண்டை போட்டுப் புதுசா வாங்குனேன்," என்றார்.

அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் வைக்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.