ஏழு சரிகளும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒருவர் லீவு கேட்டார்.

கேட்டவர் இசக்கி. என் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர். 'பார்த்துக்கொள்கிறவர்' என்று எழுதியதும் பேனா கொஞ்சம் தயங்குகிறது. இந்த வேலைக்கு நம்மிடம் ஒரு பெயர் இல்லை, கவனித்திருக்கிறீர்களா? ஊசி போடுகிறவர் நர்ஸ். மருந்து கலக்குகிறவர் கம்பவுண்டர். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற நான் லேப் டெக்னீஷியன். குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைக்கிறவர்...?

'ஆள்'. அவ்வளவுதான். "வீட்டுக்கு ஆள் போட்டிருக்கோம்" என்கிறோம்.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து ஒன்றரை வருஷமாகிறது. அந்தக் கையும் காலும் அசையாது. தொட்டாலும் தெரியாது. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "சரி."

தென்காசிக் கோர்ட்டில் முப்பது வருஷம் வாதாடிய வக்கீல் அவர். எதிர்க்கட்சி வக்கீல் சொன்னதற்கு ஒரு நாளும் 'சரி' சொல்லாத மனிதர். அவருக்கென்று மிஞ்சிய சொல் அதுவாக இருந்தது.

இசக்கி அதற்கு முன் குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர். அப்பாவின் கை காலைப் பிடித்துவிட தினம் ஒரு மணி நேரம் என்று வந்தார். அம்மா இல்லாத வீடு, நான் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில். ஒரு மணி நேரம் அரை நாளாயிற்று. அரை நாள் முழு நாளாயிற்று. பிறகு ஒரு பாயும் டிரங்குப் பெட்டியும் வந்து சேர்ந்தன.

வந்த மூன்றாம் மாதம் அவர்தான் என்னிடம் சொன்னார்.

"அய்யா ஒரே சொல்லத்தான் சொல்லுதாகன்னு நெனைக்காதீக. ஏழு சரி இருக்கும்மா."

எனக்குப் பட்டியல் போடாமல் இருக்க முடியாது. வாசகர்களுக்குத் தெரிந்த வியாதிதான். நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். இழுத்துச் சொன்னால் தாகம். வெட்டினாற்போலச் சொன்னால் தலையணை இறங்கிவிட்டது. மூக்கால், மெதுவாகச் சொன்னால் அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்போது யாரும் பேசக்கூடாது... இப்படியே ஆறு. ஏழாவது, உதடு ஒரு பக்கம் கோணி, பல்லுக்குள் சொல்வது.

"அது கோவச் சரி. அப்பம் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் இசக்கி.

இனி லீவு விஷயம்.

குற்றாலத்தில் சீசன் வந்தால் எங்களுக்கும் சாரல். துணி காயாது. கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அப்பாவின் வேட்டித் துண்டுகளை அதன்மேல் பரப்பி இசக்கி காயவைத்துக்கொண்டிருந்தார். ஈரத்துணி படுக்கைப் புண்ணைக் கொண்டுவரும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நாற்காலியில் என் அண்ணன். துணியைத் திருப்பிப் போட்டபடியே இசக்கி என்னிடம் கேட்டார்.

"வாரத்துல ஒரு நாளு லீவு வேணும்மா. செவ்வாக்கெழம."

அண்ணன் பேப்பரை இறக்கினார். "லீவா? ஏலே, வீட்டோட இருக்கவனுக்கு என்னலே லீவு?"

இதைக் கேட்டவர் யார் தெரியுமா? ராணுவத்திலிருந்து ஒரு மாத லீவில் வந்திருப்பவர்.

"அருவிக்குப் போணும் சின்னய்யா."

"சீசன் பாக்கவா?"

"இல்ல. எங்கூட்டாளி ஒருத்தன் அங்கன எண்ணெ தேய்க்கான். செவ்வாக்கெழம அவனுக்கு வேல கம்மி. அவன்ட்ட என் கையக் குடுக்கணும்."

நம் பக்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். ஆண்களுக்குப் புதனும் சனியும். ஆகவே செவ்வாய்க்கிழமை, ஆண்களுக்கு எண்ணெய் தேய்க்கிறவர்களின் கை ஓய்ந்திருக்கும்.

"கையக் குடுக்கவா?"

"பிடிச்சு விடுவான். தோள்லேருந்து வெரல் வரைக்கும் மரத்துப் போவுது. அய்யா கனமுள்ள ஆளுல்லா. நான் அவுகளப் பிடிக்கேன். என்னைய யாரு பிடிக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வருஷத்தில் அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்டிருக்கிறேன். இசக்கியின் கையைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அண்ணனுக்குச் சுருக்கென்றதாகத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இவன் அப்படி என்னத்தச் செய்யுதான்? வந்த நாள்லேருந்து பாக்கேன். பத்து மணிக்கு அப்பா காலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, கண்ண மூடிச் சும்மா உக்காந்திருக்கான். அனுப்பிரு. சமையலுக்கு வாறவளக் கொஞ்சம் கூடமாட இருக்கச் சொன்னாப் போதும்."

சொன்னதோடு நிற்கவில்லை. கட்டிலருகே போய்க் கேட்டும்விட்டார். "இசக்கிய அனுப்பிரலாமாப்பா?"

"சரி" என்றார் அப்பா.

"கேட்டியா? அப்பாவே சொல்லிட்டாக."

நான் பார்த்தது அப்பாவின் உதட்டை. ஒரு பக்கம் கோணியிருந்தது. இசக்கிக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. தன்னைப் பற்றிய பேச்சில் அவர் எப்படி மொழிபெயர்க்க வருவார்? கூடையிலிருந்த துணியை இன்னொரு தரம் திருப்பிப் போட்டார். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"அது ஏழாவதுண்ணே" என்றேன். அண்ணனுக்குப் புரியவில்லை.

எனக்குச் சண்டை போடத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, லேப் நோட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, இசக்கி செய்வதையெல்லாம் மணி போட்டு எழுதினேன். நாற்பத்து மூன்று வேலைகள். ஓர் இடத்தில்தான் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பத்தேகால் மணி. அப்பாவின் வலது கால் இசக்கியின் மடியில். கண் மூடியிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு சின்னத் தூக்கம் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"இப்பம் என்ன செய்யுதீக இசக்கி?"

"சூடு பாக்கேம்மா. எங்கன காந்துது, எங்கன தடிச்சிருக்கு, எங்கன செவக்கப் போவுதுன்னு. கண்ணத் தொறந்தா வெரலுக்குத் தெரியாது." விரலை மெல்லக் குதிகாலுக்கு நகர்த்தினார். "இந்தக் காலு அய்யாவுக்குத் தெரியாதுல்லா. அவுகளுக்குப் பதிலா நான் தெரிஞ்சுக்கிடுதேன்."

எழுதிக்கொண்டேன்.

பட்டியலை அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பட்டாளத்துல இதவிட நீளமான லிஸ்டெல்லாம் பாத்திருக்கேன்" என்றார்.

"அப்பம் செவ்வாக்கெழம நீயே பாத்துக்கோ. இருக்கதா அனுப்பதான்னு சாயங்காலம் பேசுவோம்."

செவ்வாய்க்கிழமை காலை இசக்கி குற்றாலம் பஸ்ஸுக்குப் புறப்பட்டார். வாசலிலிருந்து மூன்று தரம் திரும்பி வந்தார். ஒரு தரம் தலையணைக்கு. ஒரு தரம் கஞ்சிக்கு. மூன்றாவது தரம் சும்மா, அப்பாவைப் பார்க்க.

நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால், கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. துணிகள் நறுவிசாக மடித்திருந்தன. பட்டாளத்தில் அண்ணனை நன்றாகப் பழக்கித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் முகம் சரியில்லை.

"ஏட்டி... காலப் பாரு."

வலது பாதம் கணுக்கால் வரை சிவந்திருந்தது.

"வெந்நி ஊத்துனேன். சூடு போதுமாப்பான்னு கேட்டுத்தான் ஊத்துனேன். சரின்னாக."

அப்பா அந்தக் காலை, பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பு அண்ணனுடையது மட்டுமில்லை. என் பட்டியலில் 'வெந்நீரில் கால் கழுவுதல்' என்று இருந்தது. வெந்நீரை ஊற்றுமுன் இசக்கி தன் முழங்கையை அதில் ஒரு நொடி முக்கிப் பார்ப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் முக்கினார். நான் பார்த்தேன். வேலை என்று தோன்றாததால் எழுதவில்லை.

பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போட்டோம். நல்லவேளை, கொப்புளிக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் சிவப்பு தணிந்துவிட்டது. அண்ணன் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் காபி கொடுத்தேன். ஆறிப்போயிற்று.

ஆறு மணிக்கு இசக்கி வந்தார். ஈரத் தலை, எண்ணெய் வாசனை. கை இரண்டும் தளர்வாக, வேறொருவருடையதைக் கடன் வாங்கி வந்ததுபோலத் தொங்கின. வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அண்ணன் கண்ணை மூடியிருந்தார்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னண்ணே, சும்மாவா உக்காந்திருக்க?"

"சூடு பாக்கேன்ட்டி. இப்பம் தேவல." கண்ணைத் திறந்து இசக்கியைப் பார்த்தார். "வாரும்வே. கை எப்படி இருக்கு?"

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. எங்கள் ஊரில் 'லே' என்பது கீழே பார்த்துக் கூப்பிடுவது. 'வே' என்பது எதிரே பார்த்து. ஒரு எழுத்துதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் அதற்கு ஒன்றரை வருஷமும் ஒரு கெட்டில் வெந்நீரும் ஆயிற்று.

"பரவால்ல சின்னய்யா" என்றார் இசக்கி. பிறகுதான் அவர் கண் அப்பாவின் காலுக்குப் போனது. குனிந்து, பாதத்தைச் சுற்றி ஒரு விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"சரி" என்றார் அப்பா.

அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் இசக்கியைப் பார்த்தோம். எத்தனையாவது?

அவர் அப்பாவின் உதட்டைப் பார்த்தார். "இது நான் கேட்டதில்லம்மா."

நோட்டில் எட்டு என்று போட்டிருக்கிறேன். எதிரே விளக்கம் எழுதவில்லை.

இருக்கதா அனுப்பதா என்று அன்று சாயங்காலம் யாரும் பேசவில்லை. அண்ணன் காலண்டரை எடுத்து, தன் லீவு முடிகிற தேதிக்குப் பிறகு வருகிற செவ்வாய்க்கிழமைகளையெல்லாம் என் கண்முன்னே வட்டமிட்டார். "அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். இதெல்லாம் நீ ஆஸ்பத்திரியில லீவு கேளு" என்றார். கேட்டிருக்கிறேன்.

உங்களில் பலர் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கும். அதன் பக்கத்தில், பெயரில்லாத வேலையைச் செய்துகொண்டு ஒருவர் இருப்பார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றினால், தயவுசெய்து பக்கத்தில் போய் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கை வலிக்கிறதா என்றும் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை. உங்கள் வீட்டில்?