பம்பாய்க்குப் போன பருப்புப் பொடி

அண்ணாவுக்குப் பம்பாயில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்தபோது, மயிலாப்பூரில் எங்கள் தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. அந்த ஊரில் படுத்து எழுந்திருக்கவே காசு என்று யாரும் சொல்லவில்லை. ஹாஸ்டலில் இடம் நிரம்பிவிட்டதாம். மாதுங்காவில் ஒரு அறையில் கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்திருப்பதாக எழுதினான். எனக்கு அப்போது பதினாலு வயசு. கட்டில் நம்முடையது என்றால் அதற்கு அடியில் இருக்கிற இடம் யாருடையது என்று கேட்டு இன்லண்ட் லெட்டரில் பாதியை வீணாக்கினேன். அடியில் பெட்டி வைக்கலாம், ஆள் படுக்கக் கூடாது என்று பதில் வந்தது.

அப்பா ஆபீஸ் குமாஸ்தா. காலேஜ் ஃபீஸ், கட்டில் வாடகை, மெஸ் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டால், மாசக் கடைசியில் எங்கள் வீட்டில் காப்பி தண்ணீராகிவிடும். "தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல தாங்காது. திரும்பி வந்து இங்கயே பி.எஸ்ஸி. சேரட்டும்" என்றார். ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவதையே விளையாட்டாக வைத்திருந்தவன் அண்ணா. பாதியில் திரும்பி வந்தால் நொந்துபோவான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகையாக வந்தது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. மெஸ்ஸை விட்டுவிட்டானாம். அந்தப் பணத்தை அனுப்ப வேண்டாமாம். "அம்மாவைப் பருப்புப் பொடி மட்டும் நிறைய அனுப்பச் சொல்லுங்கள். சாதம் வடித்துக்கொள்கிறேன்." அப்பா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, சரி, ஓடுகிறவரை ஓடட்டும் என்றார்.

அன்றிலிருந்து யார் பம்பாய்க்குப் போகிறார்கள் என்று மோப்பம் பிடிப்பது என் வேலையாயிற்று. கோயிலில், பாட்டு கிளாஸில், ரேஷன் கடை வரிசையில் எங்கேயும் கேட்பேன். அடையாறில் ஒருவருடைய மச்சினர் போகிறார் என்று தெரிந்தால், பிஸ்கட் டின்னில் பொடியை அடைத்துத் துணியால் கட்டி, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். முகம் தெரியாதவர்கள்கூட மாட்டேன் என்றதில்லை. வெளியூரில் பிள்ளை இருக்கிற வீடுகள் எல்லாம் அப்போது அப்படித்தான்.

ஆனால் டின் போன பத்தாம் நாள் அடுத்ததைக் கேட்டுக் கடிதம் வந்துவிடும். இத்தனை பொடி எங்கே போகிறது? எனக்கு மண்டை குடைந்தது. நானே சோதித்துப் பார்த்தேன். மூன்று நாள் இரண்டு வேளையும் குழம்பு, ரசம் தொடாமல் பொடி சாதமே சாப்பிட்டேன். நாலாம் நாள் நாக்கு பொத்துப்போனது. டின்னிலோ கால்வாசிகூடக் குறையவில்லை.

"சாப்பிடறானா, செவுத்துக்குப் பூசறானா?" என்றார் அப்பா. அம்மாவுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். "இத்தனை மிளகாயும் பெருங்காயமும் உள்ள போனா கொழந்தை வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று அடுத்த டின்னோடு ஒரு பாட்டில் விளக்கெண்ணெயும் அனுப்பினாள்.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஒரு வாலிபர் வந்து நின்றார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பிள்ளை. பம்பாயில் மொத்தக் கடை ஒன்றில் தொழில் பழகுகிறாராம். அண்ணாவுக்குப் பக்கத்துக் கட்டில். பொங்கலுக்கு வந்தவர், மறுநாள் ரயில் ஏறுகிறார். டின் தயாராக இருந்தால் எடுத்துப் போகலாம் என்று வந்திருந்தார்.

அம்மா காப்பி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமி, இந்தத் தடவை மிளகு கொஞ்சம் கூடப் போடுங்க. மாடியில இருக்கிறவங்க எல்லாம் சொல்லிவிட்டாங்க" என்றார்.

"மாடியில யாரு?" என்று நான்தான் கேட்டேன்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று. மென்று விழுங்கினார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். அந்தக் கட்டடம் முழுக்க நம்மூர்ப் பையன்கள். அண்ணா கட்டிலுக்கு அடியில் டின்னை வைத்துக்கொண்டு, ஸ்பூன் இவ்வளவு என்று எல்லோருக்கும் விற்கிறான்.

அப்பா எழுந்துவிட்டார். "நம்மாத்துப் பொடியைக் கடை போட்டு விக்கறானா? அவனைக் கிளம்பி வரச் சொல்லு!"

"கோவிச்சுக்காதீங்க சார். அதுலதான் கட்டில் வாடகை போகுது. காலேஜ்ல ஃபீஸை ஏத்திட்டாங்க. நீங்க அனுப்பறது மொத்தமும் அதுக்கே சரியாப் போயிடுது."

அப்பா மறுபடி உட்கார்ந்தார். இத்தனை நாள் மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அம்மாவுக்கு வேறு கேள்வி இருந்தது.

"அவன் என்னப்பா சாப்பிடறான்?"

"பாவு ரொட்டியும் டீயும்தான் மாமி. பொடியைத் தொடவே மாட்டான். நான் எடுத்து அவன் தட்டுல போட்டாக்கூட, ஒரு ஸ்பூன் குறையும்னு திரும்ப டின்னுல தட்டிடுவான்."

என் குதூகலம் அத்தோடு போயிற்று. அம்மா உள்ளே போய்ப் பெரிய டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அப்பா அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அம்மா இன்னொரு தரம் போய், ஒரு சின்ன டப்பாவில் பொடியும் ஒரு ஸ்பூனுமாக வந்தாள்.

அம்மா சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். உப்பு சரியா என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவாள். வாயில் பட்டது எச்சில், அதை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். அப்படிப்பட்டவள், எல்லோரும் பார்க்க, அந்த டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதே ஸ்பூனைத் திரும்பப் பொடிக்குள் விட்டு நன்றாகக் கிளறினாள். பிறகு டப்பாவை மூடி அவரிடம் நீட்டினாள்.

"பெரிசை அவன் வித்துக்கட்டும். இதைத் தனியாக் குடுப்பா. அம்மா எச்சில் பண்ணினதுன்னு சொல்லு. விக்க மாட்டான்."