கறுப்புக் கம்பு

கண்ணாடி கழுவும் தொழில் தொடங்கப் போவதாக என் மகள் சொன்னபோது முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பெங்களூரில் கயிற்றில் தொங்கியபடி மாடிக் கண்ணாடிகளைக் கழுவும் வேலையில் இருந்தாள். ஃபோன் அடித்தாலே எடுக்கப் பயமாக இருக்கும். இங்கே திண்டுக்கல்லில் அப்படியில்லை. நீளமான கம்பின் நுனியில் பிரஷ், கம்புக்குள் ஓடும் பைப்பில் தண்ணீர். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் உப்புப் பூத்துவிடும். அதனால் உப்பு நீக்கிய தண்ணீரை டேங்கில் நிரப்பிக்கொள்வாள். அதில் கழுவினால் துடைக்கவே வேண்டாம்.

"ஏணி கூட கெடையாதும்மா. காலு தரையிலதான் இருக்கும். இனியாச்சும் நிம்மதியாத் தூங்கு."

கம்பு கறுப்பாக, கனமே இல்லாமல் இருந்தது. கார்பன் என்றாள். இந்தப் பக்கத் தோப்புகளில் இரும்புக் குழாயில் அரிவாள் கட்டித் தேங்காய் பறிக்கப் போய், கரண்ட் கம்பியில் பட்டுச் செத்தவர்கள் கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். "இது இரும்பா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இரும்பும் இல்ல, அலுமினியமும் இல்ல."

இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

முதல் வேலை செம்பட்டியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில். பைப் பிடிக்க நானும் லீவு போட்டுப் போனேன். திருவிழாவுக்காகக் கண்ணாடிக்குக் குறுக்கே சீரியல் லைட் வயர் கட்டியிருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டாள்.

"அது ராத்திரிக்குத்தான் எரியும். இப்பக் கரண்ட் இல்ல" என்றவர் கம்பை அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, எங்க மாடியில தேங்காயா காச்சிருக்கு?"

"காச்சிருந்தா ஒங்களுக்கும் பங்கு தாரேண்ணே."

அவள் தேய்க்கத் தொடங்கினாள். தண்ணீர் கம்பு வழியாக வழிந்து அவள் முழங்கை வரை நனைத்தது. அப்போது எதிரே டீக்கடை ஓரத்தில் இருந்த மைக் செட்டில், "ஹலோ, ஹலோ" என்று குரல் வந்தது. உடனே பாட்டு அலறியது. இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? மைக் செட் மேசையிலிருந்து வயரைக் கண்ணால் தொடர்ந்தேன். அது சாலையைக் கடந்து, மாடிக்கு ஏறி, என் மகளின் பிரஷுக்கு ஒரு சாண் மேலே, அதே சீரியல் லைட் வயரில் டேப் பிரிந்த ஓர் இணைப்பில் போய் நின்றது.

கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் அவளைத் தொடவும் பயம். கையில் இருந்த பைப்பை மடக்கி இறுக்கிப் பிடித்தேன்.

தண்ணீர் நின்றதும் கோபமாகத் திரும்பினாள். "யம்மா, பைப்ப மிதிச்சிட்டியா?"

மேலே கை காட்டினேன். அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு வயரைப் பார்த்தாள். மூச்சு விடாமல் கம்பை நேர் பின்னால் இழுத்துத் தரையில் கிடத்தினாள். அதன் பிறகும் பைப்பிலிருந்து என் விரல்களை அவள்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"செத்த நேரம் உக்காருங்கம்மா, குடிக்கக் கலர் வாங்கியாரச் சொல்றேன்" என்றார் கடைக்காரர். என்னால் உட்காரக்கூட முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின், "பட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதும்மா, இரும்பா என்ன?" என்றாள். சொன்னவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். டார்ச் செல்லையும் சின்ன பல்பையும் எடுத்துவந்து, கம்பின் ஒரு துண்டைத் தரையில் வைத்து, அதன் இரண்டு வெட்டுமுனைகளிலும் வயரை அழுத்தினாள்.

பல்பு எரிந்தது.

வயரை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் எரிந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "கரிதானேம்மா" என்றாள்.

தொழிலை விடச் சொன்னேன், விடவில்லை. கரண்ட் பாயாத வேறு கம்பு வாங்கியிருக்கிறாள். அது இருந்தாலும், நான் சுவரோரம் அண்ணாந்தபடி நடந்து முடித்து, "பாத்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் கம்பைத் தூக்குவாள். எனக்கு லீவு கிடைக்காத நாளில் ஃபோன் செய்வாள்.

"வயர் எதுவும் இல்லம்மா. நல்லாப் பாத்துட்டேன்."

சரி என்று பேச்சை முடித்துவிடுவேன். அவள் வேலை முடிந்து மறுபடி கூப்பிடும் வரை ஃபோனைக் கீழே வைக்க மாட்டேன்.